செத்த கிருமியின் சாட்சி

வெறும் குழாய்க்குள் யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

சின்ன மேடம் அணுக்களை எண்ணும் இயந்திரத்தின் திரையைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். வெள்ளணுவுக்கு ஒன்றாக விழுந்திருந்த புள்ளிகள் இடம் மாறவில்லை. முதல் குழாயில் பாக்டீரியாச் சத்தைக் கலந்திருந்தாள். அதில் ஒட்டகத்தின் வெள்ளணுக்கள் உப்பிப்போய், உடம்பெல்லாம் கொக்கியை நீட்டிக்கொண்டு அடிதடிக்குத் தயாராக நின்றன. அது நியாயம். இரண்டாவதில் வைரஸ் மாதிரி வேஷம் போட்ட ரசாயனம். அதைப் பார்த்தால் மோனோசைட் என்கிற மேஸ்திரிகள் மட்டும்தான் பரபரக்க வேண்டும். நியூட்ரோஃபில் என்கிற அடியாள் கூட்டம் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். ஆனால் அங்கேயும் அடியாட்கள் கொக்கியோடு நின்றார்கள். அதுகூடப் போகட்டும். எதுவுமே கலக்காத மூன்றாவது குழாய்? அங்கேயும் அதே உப்பல், அதே கொக்கி.

எதிரியே இல்லாத தெருவில் யாரோடு கைகலப்பு?

"என்ன டாக்டர், பேச்சு மூச்சையே காணோம்?"

பின்னாலிருந்து வந்த குரல் பெரிய மேடத்தினுடையது. அந்த ஆய்வகத்தின் தலைவி. அவளுக்குப் பக்கத்தில் கால்நடைத் துறை அதிகாரி கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டு நின்றார்.

"கன்ட்ரோல் குழாய் சரியா வரல," என்றாள் சின்ன மேடம். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை.

"அப்படீன்னா?" என்றார் அதிகாரி.

"அப்படீன்னா சார், ஒண்ணுமே போடாத குழாய்லயும் இவங்களுக்கு பாக்டீரியா தெரியுது," பெரிய மேடம் பதிலைப் பிடுங்கிக்கொண்டாள். "காலி டம்ளரைக் கையில குடுத்தாலும் பால்ல தண்ணி ஜாஸ்தின்னு சொல்ற ஆளு."

அதிகாரி சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை.

"இங்க பாருங்கம்மா. அந்தப் பண்ணையில கறக்கற பால் ஊர் பூரா போகுது. ஒரு குட்டி செத்தாச்சு. இருபது ஒட்டகம் காய்ச்சல்ல மூச்சு வாங்கிட்டு நிக்குது. வைரஸா இருந்தா நாளைக்கு மனுஷனைப் பிடிக்கும். மூக்குச் சளியைத் தலைமை லேபுக்கு அனுப்பியாச்சு, பதில் வர ஒரு வாரம். அதுவரைக்கும் நான் கையைக் கட்டிட்டு உக்கார முடியாது. உங்க மேடம் வைரஸ்ன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நீங்க இல்லைங்கறீங்க. இல்லைன்னா காட்டுங்கன்னு சொன்னேன்."

"நோய் கண்ட ஒட்டகங்களோட ரத்தத்தைத் தட்டுல ஊத்தி வளர்த்துப் பாத்தாச்சு சார்," என்றாள் பெரிய மேடம். "ஒரு பாக்டீரியாகூட முளைக்கல. தட்டு துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. பாக்டீரியா இல்லைன்னா மிச்சம் என்ன? வைரஸ்தான்."

அதிகாரி கதவுப் பக்கம் நகர்ந்தார். "சாயங்காலம் துப்பாக்கி ஆளுங்க பண்ணைக்குப் போறாங்க. அறுபது ஒட்டகத்தையும் சுட்டுப் புதைச்சுடுவோம். அதுக்குள்ள உங்ககிட்ட ஏதாவது தேறினா சொல்லுங்க. தேறலைன்னா வழியை விடுங்க."

அவர் வெளியே போனதும் பெரிய மேடம் குனிந்து காதோரம் சொன்னாள்: "ஏண்டி, குடும்ப மானத்தைக் கப்பலேத்தறதுக்குன்னே வந்து வாய்ச்சியா?"

பெரிய மேடம், சின்ன மேடம் என்பது ஆய்வகத்தார் வைத்த பெயர். பதவியைப் பார்த்து வைத்தது அல்ல. இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். ஒரே வீடு, கீழே அவள், மாடியில் இவள். வீட்டில் 'அக்கா', ஆய்வகத்தில் 'மேடம்'. இரண்டு இடத்திலும் பேச்சு ஒன்றுதான்: நீ என் தயவில் வந்தவள். சின்ன மேடம் ஒட்டகத்தின் வெள்ளணுக்களைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்ததிலிருந்து அந்தத் தயவும் போய்விட்டது. ஜன்னல் இல்லாத அறை, காலொடிந்த நாற்காலி, எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்'.

நடைக்கு வந்தால் அங்கே பண்ணைக்காரர். ஒட்டகப் பால் பண்ணையின் சொந்தக்காரர். தொண்டை மட்டும் பத்துப் பேருக்குச் சொந்தமானது.

"வாங்க டாக்டரம்மா! சுடச் சொல்லியாச்சா? ஒண்ணு பண்ணுங்க, வரிசையில முதல்ல என்னை நிறுத்துங்க. கோட்டுப் போட்ட கூட்டமே கொலைகாரக் கூட்டம்யா!"

"கத்தாதீங்க. நான் சுடச் சொல்லல."

"சுட வேணாம்னு சொல்லவும் உங்களுக்கு வக்கில்லை. வித்தியாசம் என்ன?"

அது சுருக்கென்று குத்தியது. குத்தியதை வெளியில் காட்டாமல் கேட்டாள்: "எது எதுக்கு நோவு வந்துச்சு? யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? கறவைக் கொட்டாய்ல இருக்கறதுக்கெல்லாம், மத்த கொட்டாய்ல ஒண்ணுக்கும் இல்ல. மூணு நாளைக்கு முன்ன உங்க ஆளுங்க வந்து இதுங்களுக்கு மட்டும் கழுத்து நரம்புல சத்து ஊசி போட்டுட்டுப் போனாங்க. பலம் வரும்னாங்க. பொழுது சாயறதுக்குள்ள எல்லாம் நடுங்க ஆரம்பிச்சிருச்சு. செத்த குட்டிக்கும் சேர்த்துத்தான் குத்தினாங்க. சவலைக் குட்டி, தேறட்டும்னு நானே பிடிச்சுக் குடுத்தேன்." அவர் குரல் ஒரு நொடி இறங்கி, மறுபடி ஏறியது. "உதைகாரி ஒருத்திதான் தப்பிச்சா."

"உதைகாரியா?"

"ஒரு பொட்டை. ஊசியைப் பாத்ததும் உங்க ஆளை விட்டா பாருங்க ஒரு உதை, அவன் தீவனத் தொட்டிக்குள்ள போய் விழுந்தான். அவளை விட்டுட்டுப் போயிட்டாங்க. அதே கொட்டாய், அதே தண்ணித் தொட்டி. குத்துக்கல்லு மாதிரி நிக்கறா, ஒரு தும்மல்கூட இல்ல."

"இதை அதிகாரிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே! உங்க பெரிய மேடம்தான், 'அதுக்கு இன்னும் தொத்தல, நாளைக்குத் தொத்தும்'னாங்க. நாளைக்குத் தொத்தறதுக்கு அது உயிரோட இருந்தாத்தானே!"

சின்ன மேடம் அறைக்குள் திரும்பிக் கதவைச் சாத்தினாள்.

வெறும் குழாயில் என்ன இருந்தது? ரத்தம். ஆய்வகத்துக் கொட்டகையில் வளரும் ஒட்டகத்தின் ரத்தம். மகாராணி என்று பெயர் வைத்திருந்தார்கள். நோய் நொடி கிடையாது, திமிர் மட்டும் உண்டு. அந்த நல்ல ரத்தத்தில் பாக்டீரியாவின் தடத்தையும் வைரஸின் தடத்தையும் பிரித்துக் காட்டிவிட்டு, நோய் கண்டதன் ரத்தத்தை அதோடு ஒப்பிடுவதாகத் திட்டம். வேறென்ன? ரத்தத்தை நீர்க்க வைக்கும் உப்புத் தண்ணீர். அவ்வளவுதான்.

உப்புத் தண்ணீர்.

வழக்கமாக முத்திரை பிரிக்காத சலைன் பாட்டிலைத்தான் அவள் பயன்படுத்துவாள். அது தீர்ந்து, வாங்கித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போயிற்று. 'நம்ம மருந்துக் கூடத்துல காய்ச்சி வடிச்ச தண்ணி டிரம் டிரம்மா இருக்கறப்ப வெளியில வாங்கணுமா? அதுல உப்பைப் போட்டுக் கலக்கிக்க, இல்லைன்னா உன் கண்ணீரை ஊத்திக்க' என்று பெரிய மேடம் சொன்னது நினைவுக்கு வந்தது. இன்று முதல் தடவையாக அந்த டிரம் தண்ணீரில் உப்பைக் கலந்தாள். முதல் தடவையாக வெறும் குழாய் பொங்கி எழுந்தது.

அந்தச் சத்து ஊசியும் மருந்துக் கூடத்தில்தான் தயாரானது. அதே தண்ணீரில்.

 மருந்துக் கூடத்தின் பொறுப்பாளர் அவள் புருஷன்.

அவள் நடக்கவில்லை, ஓடினாள்.

மருந்துக் கூடத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம். ரப்பர் ஏப்ரன் கட்டிக்கொண்டு, அவள் புருஷன் ஒவ்வொரு பாட்டிலாக மூடியைப் பிய்த்துத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் மருந்து சுழித்துக்கொண்டு சாக்கடைக்குள் போயிற்று.

"என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல? பாட்டில் கழுவறேன். வீட்டுல சும்மா கழுவறேன், இங்க சம்பளத்துக்குக் கழுவறேன்."

"சத்து ஊசியை எதுக்குக் கொட்டறீங்க?"

"அண்ணி கொட்டச் சொன்னாங்க. பழசாயிடுச்சாம்."

"போன வாரம் செஞ்சது இந்த வாரம் பழசா?"

அவன் அடுத்த பாட்டிலைக் கவிழ்த்தான். அவள் மூலையில் இருந்த பெரிய பிளாஸ்டிக் டிரம்மிடம் போனாள். குழாயைத் திருகி, வாய்க்குள் சுண்டு விரலை விட்டுத் தடவினாள். வழவழவென்று வந்தது. விரலை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இது என்ன?"

அவன் கையிலிருந்த பாட்டிலை மேடையில் வைத்தான். "லீவுக்குப் போறப்ப டிரம்முல தண்ணி மிச்சம் இருந்துச்சு. வந்து பாத்தா லேசாக் கலங்கல். கொட்டிட்டு மறுபடி வடிக்கணும்னா ரெண்டு நாள் ஆகும். அண்ணி தலைமேல ஏறி நின்னாங்க. ஊசி இன்னிக்கே போகணும், இல்லைன்னா உன்னைத் தூக்கிடுவேன்னாங்க. அதனால வடிகட்டினேன். ஆட்டோகிளேவ்ல ஒரு தடவைக்கு ரெண்டு தடவை வேக வெச்சேன். தட்டுல ஊத்திப் பாத்தேன், ஒண்ணும் முளைக்கல. இதுக்கு மேல என்னடி பண்ணணும்?"

"வேக வெச்சா கிருமி சாகும். பொணம் எங்க போகும்?"

அவன் டிரம்மைத் திரும்பிப் பார்த்தான்.

அதுதான் விஷயம். சில வகைப் பாக்டீரியாக்களின் மேல்தோல் வெந்தாலும் கரையாது. தட்டில் ஊற்றினால் முளைக்காது, செத்தது எப்படி முளைக்கும்? ஆனால் ரத்தத்தில் ஏறினால், வெள்ளணுக்களுக்குச் செத்தது, உயிரோடு இருப்பது என்ற பேதமெல்லாம் கிடையாது. அந்தத் தோலின் வாடை பட்டாலே போதும், ஊரே எரிகிற மாதிரி கிளம்பிவிடும். காய்ச்சல், நடுக்கம், மேல்மூச்சு கீழ்மூச்சு. சவலைக் குட்டிக்குத் தாங்குமா?

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"குட்டி செத்துச்சுன்னு கேள்விப்பட்டப்ப மனசுல பட்டுச்சு."

"பட்டதும் என்ன பண்ணீங்க?"

"அண்ணிகிட்ட சொன்னேன். 'நீ வாயைப் பொத்திக்கிட்டு இரு, நான் பாத்துக்கறேன்'னாங்க."

"நல்லாப் பாத்துக்கறாங்க! அறுபது உசிரைச் சுட்டுப் புதைச்சுட்டா யாரும் தோண்டிப் பாக்க மாட்டாங்க இல்ல?"

மேடையில் முத்திரை பிரிக்காத பாட்டில்கள் மூன்றே மூன்று மிச்சம் இருந்தன. அவள் ஒன்றை எடுத்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். வளையல் நசுங்கித் தோலில் பதிந்தது.

"வெச்சிடு."

"கையை விடுங்க."

"வேலை போகும். ஜெயிலுக்கும் போவேன். நீ எனக்குப் பொண்டாட்டியா, ஒட்டகத்துக்கு வக்கீலா?"

"ஒட்டகத்துக்கு வேற ஆள் இல்ல. உங்களுக்குத்தான் கீழ் வீட்டுலயே வக்கீல் இருக்காங்களே!"

அவன் பிடி இறுகியது. கண்ணோடு கண் முறைத்துக்கொண்டு இருவரும் அப்படியே நின்றார்கள். தொட்டியில் குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு அவன் விட்டுவிட்டான். மனம் மாறி விட்டானா, கை வலித்து விட்டானா, அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் நிற்கவில்லை. மூன்று பாட்டிலையும் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

எதிர்ச்சாரி மருந்துக் கடையில் மனிதர்களுக்கு ஏற்றும் சலைன் பாட்டிலை வாங்கினாள். அதிகாரியின் முன்னால் போய் நின்றாள்.

"சார், இன்னொரு தடவை. இந்தத் தடவை நீங்க என் பக்கத்துலயே நில்லுங்க. ரத்தம் எடுக்கறதுலேர்ந்து திரையில புள்ளி விழறவரைக்கும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரத்தம் இன்குபேட்டர்ல நாலு மணி நேரம் இருக்கணும். துப்பாக்கி ஆளுங்க கிளம்பறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"முடியலைன்னா?"

"முடியலைன்னா கிளம்பட்டும்."

மகாராணியின் கயிற்றைப் பண்ணைக்காரர் பிடித்துக்கொண்டார். அவரிடம் அது பெட்டிப்பாம்பாக அடங்கியது. சின்ன மேடத்தைப் பார்த்ததும் மட்டும் கன்னத்தை உப்பி, மென்ற தீவனத்தை அவள் தோளில் துப்பியது.

"நல்ல ஒட்டகம்," என்றார் பண்ணைக்காரர். "ஆள் தெரிஞ்சு துப்புது."

அவள் துடைத்துக்கொள்ளவில்லை. கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றி ரத்தத்தை வாங்கினாள். அறைக்கு வந்து, அதிகாரியின் கண் முன்னால் சலைன் பாட்டிலின் முத்திரையை உடைத்தாள். ஐந்து குழாய்கள். ஒன்றில் ரத்தமும் சலைனும் மட்டும். ஒன்றில் பாக்டீரியாச் சத்து. ஒன்றில் வைரஸ் வேஷம். நான்காவதில் சத்து ஊசி மருந்து ஒரு சொட்டு. ஐந்தாவதில், காலையில் எடுத்து வந்த டிரம் தண்ணீர் ஒரு சொட்டு. ஒவ்வொன்றின் மூடியிலும் அதிகாரி தன் பேனாவால் கோடு போட்டார். இன்குபேட்டரின் கதவைச் சாத்தி, அதன் முன்னாலேயே அந்தக் காலொடிந்த நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாற்காலி ஆடியது. அவர் அசையவில்லை.

பெரிய மேடம் வந்தது மத்தியானத்துக்கு மேல்.

"டாக்டர், ஒரு நிமிஷம்," என்றாள், அதிகாரிக்குக் கேட்கும்படி மரியாதையாக. நடையின் கோடிக்குப் போனதும் மரியாதை உதிர்ந்தது.

"என்னடி பண்ணிட்டிருக்கே?"

"உங்களுக்குத் தெரியாததா, மேடம்?"

"மேடமாவது மண்ணாங்கட்டியாவது. அந்தக் குழாயில என்ன வரும்னு உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வந்தா யார் மாட்டுவாங்கன்னு யோசிச்சியா? உன் புருஷன்டி. தாலி கட்டினவன்."

"கலந்தது அவர். அனுப்பச் சொன்னது யாரு? தரம் சரின்னு கையெழுத்துப் போட்டது யாரு? தம்பியைக் காப்பாத்தறேன்னு கதை விடாதீங்க. நீங்க உங்களைக் காப்பாத்திக்கறீங்க, அவரை முன்னால கேடயமா நிறுத்திட்டு."

பெரிய மேடத்தின் முகம் கன்றிப் போயிற்று. "ஆமா, எனக்கும்தான் போகும். பதவி போகும், பேரு போகும். இத்தனை வருஷமா ராத்திரி பகல் பாக்காம கட்டின லேபு இது. நாலு ஒட்டகத்துக்காக இழுத்து மூடணுமா?"

"அறுபது."

"அறுபதுதான் இருக்கட்டுமே! பணம் குடுத்துடுவாங்க, வேற வாங்கிக்கட்டும். ஊர்ல ஒட்டகத்துக்கா பஞ்சம்?"

அப்போது பெரிய மேடத்தின் போன் அடித்தது. மாமியார். அடுத்த நொடியே பெரிய மேடத்தின் குரல் தேனாயிற்று. "சொல்லுங்க அத்தை... இல்ல, இன்னும் சாப்பிடல... அவளா? இதோ பக்கத்துலதான் இருக்கா. நல்லாத்தான் இருக்கா." போனை நீட்டினாள்.

"என்னம்மா, ரெண்டு பேரும் சண்டை கிண்டை போடலையே?" என்றார் மாமியார் மறுமுனையில்.

"இல்ல அத்தை. ரெண்டு பேரும் பேசிட்டுத்தான் இருக்கோம்."

போனை வாங்கி அணைத்த பெரிய மேடம் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். "ஒரு வார்த்தை கேட்டுக்க. இன்னிக்கு அந்தத் திரையை நீ அவருக்குக் காட்டினே, சாயங்காலம் வீட்டுப் படி ஏறக் கூடாது."

"மாடிக்குத் தனிப் படி இருக்குக்கா."

"நான் சொன்னது உன் புருஷன் வாயால வரும்."

 பதில் சொன்னால் குரல் உடைந்துவிடும். உடைந்தால் அக்காவுக்குக் கொண்டாட்டம். சின்ன மேடம் திரும்பி நடந்தாள்.

நாலு மணி நேரம் கழிந்ததும் இன்குபேட்டர் கதவைத் திறந்தாள். சிவப்பணுக்களை ஒதுக்குவதில் ஒட்டகம் எப்போதும் படுத்தும். மற்ற மிருகங்களின் சிவப்பணு தண்ணீர் பட்டால் சட்டென்று வெடித்துவிடும்; ஒட்டகத்தினுடையது முட்டை வடிவம், குடிக்கிற தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு ஊதிக்கொண்டு நிற்கும். அவசரப்பட்டால் வெள்ளணு கெடும், நிதானித்தால் நேரம் போகும். வெளியே ஒரு லாரி உறுமி நின்றது. துப்பாக்கி ஆட்கள். பண்ணைக்காரரின் கத்தல் சுவரைத் தாண்டி வந்தது.

அவள் நிதானித்தாள். சாயம் ஏற்றினாள். முதல் குழாயை இயந்திரத்தின் வாயில் செருகினாள்.

ரத்தமும் சலைனும் மட்டும். புள்ளிகள் விழுந்தன. கீழே, இடது மூலையில், அடக்கமாக. உப்பல் இல்லை. கொக்கி இல்லை.

அவள் விட்ட மூச்சு அதிகாரிக்கே கேட்டது.

"இது வெறும் குழாய் சார். எல்லாம் தூங்குது."

பாக்டீரியாச் சத்து: அடியாட்கள் கொக்கியோடு மேலே ஏறினார்கள். வைரஸ் வேஷம்: மேஸ்திரிகள் மட்டும் பரபரத்தார்கள், அடியாட்கள் வேடிக்கை பார்த்தார்கள். எல்லாம் அதனதன் இடத்தில். பெரிய மேடம் எப்போது வந்து கதவோரம் நின்றாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

நான்காவது குழாய். சத்து ஊசி.

புள்ளிகள் மொத்தமாக மேலே பாய்ந்தன. பாக்டீரியாச் சத்துக் குழாயின் படத்தை எடுத்து இதன் மேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவது, டிரம் தண்ணீர், அதுவும் அப்படியே.

"விளக்குங்க," என்றார் அதிகாரி.

விளக்கினாள். வெந்த கிருமி, வேகாத தோல், கழுத்து நரம்பு. "தட்டுல எதுவும் முளைக்கலைன்னு மேடம் சொன்னது பொய் இல்ல சார். பொணம் முளைக்காது."

"ஊசி கெட்டதுன்னா, வைரஸ் இல்லைன்னு அர்த்தம் ஆயிடுமா?" பெரிய மேடம் உள்ளே வந்தாள். "ரெண்டும் சேர்ந்து இருக்கக் கூடாதா? சார், இதை நம்பி ஊர் ஜனத்தோட உசிரை..."

"உதைகாரியைக் கூப்பிடட்டுமா?" என்றாள் சின்ன மேடம்.

"யாரு அது?" என்றார் அதிகாரி.

"ஊசிக்குத் தப்பிச்ச ஒட்டகம். நோவு கண்டதுங்களோட ஒரே தொட்டியில தண்ணி குடிச்சுட்டு, ஒண்ணும் ஆகாம நிக்குது. ஊசி போட்டதுல ஒண்ணுகூடத் தப்பல, போடாததுல ஒண்ணுகூட விழல. வைரஸ் இப்படிக் கணக்குப் பாத்தா சார் தொத்தும்? தலைமை லேப் பதில் வரட்டும், நானும் காத்திருக்கச் சொல்றேன். சுட வேணாம்னுதான் சொல்றேன்."

அதிகாரி ஐந்து படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, எல்லோரும் பயந்த கேள்வியைக் கேட்டார்: "இந்த மருந்தைத் தயாரிச்சது யாரு?"

 பெரிய மேடம் கைகளைக் கட்டிக்கொண்டு சின்னவளையே பார்த்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்புக்கூட இருந்தது. சொல்லுடி பார்க்கலாம்.

"என் வீட்டுக்காரர்," என்றாள் சின்ன மேடம். "கலங்கின தண்ணின்னு தெரிஞ்சே செஞ்சார். அவசரப்படுத்தி அனுப்ப வெச்சது மேடம். இன்னிக்குக் காலையில மிச்சத்தைக் கொட்டச் சொன்னதும் மேடம்தான். மூணு பாட்டில் என்கிட்ட இருக்கு, ரெண்டு முத்திரையோட." மூன்றையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

சிரிப்பு போயிற்று.

"அடிப்பாவி!" என்றாள் பெரிய மேடம். அது கத்தல்கூட இல்லை. "சொந்தப் புருஷனை..."

அதிகாரி அவளைப் பொருட்படுத்தாமல் போனை எடுத்தார். லாரியைத் திருப்பச் சொன்னார். பண்ணையை அடைத்து வைக்கவும், பாலை விற்காமல் கொட்டவும், ஒட்டகத்தின் மேல் கை வைக்காமல் இருக்கவும் சொன்னார். பிறகு மருந்துக் கூடத்துப் பொறுப்பாளரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அவன் ஏப்ரனோடு வந்தான். ஈரக் கைகளை அதிலேயே துடைத்துக்கொண்டு நின்றான். அதிகாரி கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றான். அனுப்பச் சொன்னது யார் என்றபோது அண்ணியின் பக்கம் கையை நீட்டினான்.

"தம்பி!" என்றாள் பெரிய மேடம்.

"நீங்கதானே அண்ணி? காலையில கொட்டச் சொன்னப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். கடைசியில என் தலையிலதான் கட்டுவீங்கன்னு." பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை. "உனக்கு முன்னால நானே போய்ச் சொல்லியிருப்பேன். அதுக்கு ஒரு மணி நேரம் குடுத்தியா நீ?"

"குட்டி செத்ததுலேர்ந்து ரெண்டு நாள் இருந்துச்சு உங்களுக்கு," என்றாள் அவள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதிகாரியின் பின்னால் அண்ணியும் கொழுந்தனும் நடந்து போனார்கள், ஒருவரை ஒருவர் தொட்டுவிடாத தூரத்தில், ஆளுக்கு ஒரு சுவரோரமாக.

கைப்பையோடு கிளம்பிய சின்ன மேடத்தை வாசலில் பண்ணைக்காரர் வழி மறித்தார்.

"விஷயம் காதுக்கு வந்துச்சு. நன்றி சொல்லுவேன்னு எதிர்பாக்கறியா?"

"இல்ல."

"உன் புருஷன் கலக்கினது, உன் ஓரகத்தி அனுப்பினது. உன் குடும்பமே கூடி என் குட்டியைக் கொன்னுருக்கு. நாளைக்கு நீ வந்து கண்டுபிடிச்சேன்னு மார் தட்டிக்குவே. ஒரு வாரம் பாலை மண்ணுல கொட்டப் போறேன். அதை யார் குடிக்கறது, உன் மாமியாரா?"

அவள் அவரை முழுக்கப் பேச விட்டாள். எல்லாம் நிஜம்தான். பேசி முடித்து அவர் மூச்சு வாங்கியபோது சொன்னாள்:

"இருபது ஒட்டகம் இன்னும் காய்ச்சல்ல நிக்குது. காய்ச்சல் இறங்கிடும், ஆனா தண்ணி குடிக்கலைன்னா பலவீனமானது இன்னும் ஒண்ணு ரெண்டு விழும். நிழல்ல கட்டணும், வாயால தண்ணி புகட்டணும். எப்படின்னு எனக்குத் தெரியும். வண்டியை எடுக்கறீங்களா, நான் நடந்து வரட்டுமா?"

பண்ணைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். வண்டியில் ஏறி, என்ஜினைக் கிளப்பினார். அடுத்த பக்கத்துக் கதவைக் காலாலேயே உதைத்துத் திறந்தார்.

"பையைக் கவிழ்த்துக் காட்டு முதல்ல," என்றார். "உள்ள ஒரு ஊசி இருந்தாலும் உன்னை வழியிலயே இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்."

சின்ன மேடம் நடுத்தெருவில் நின்று பையைக் கவிழ்த்துக் காட்டினாள்.